மூடி திறக்காத விளக்கு

தவளையின் கண்ணைப் பிளந்து விழித்திரையைப் பிரித்தெடுத்தால் அது நனைந்த வெங்காயத் தோல் மாதிரி வரும். இருட்டில் போட்டுவைத்த தவளையென்றால் அதில் ஒரு நிறம் இருக்கும். வெளிச்சத்தில் காட்டிய கணத்தில் ரோஜா. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள். பிறகு ஒன்றுமில்லை, வெறும் தோல்.

டாக்டர் சுப்பராயலுவுக்கு இது அலுக்கவே இல்லை. தவளை செத்துவிட்டது. அதன் கண்ணுக்கு மட்டும் அது தெரியவில்லை. வெளிச்சம் பட்டதும் தன் வேலையைச் செய்கிறது.

"இந்தச் சாயம் இருட்டுல ஊறணும். ஊறினாத்தான் பொழுது சாய்ஞ்சப்புறம் கண்ணு தெரியும். ஊறலைன்னா மாலைக்கண்ணு," என்றார்.

"அதுக்கு இந்த ஜீவன்தான் கிடைச்சுதா?" என்றாள் நர்ஸ் சவுரியம்மாள், தட்டைக் கழுவிக்கொண்டே. "ஊரே உங்களைத் தவளை டாக்டர்னுது சார். நேத்து மார்க்கெட்ல ஒருத்தி 'தவளைக்காரி போறா பாரு'ன்றா. எனக்கு எங்கப்பா ஆசையா வெச்ச பேரு சவுரியம்மா."

விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பின்னால் ஒரு பழைய மல்லாட்டைக் கிடங்கு. அதைத்தான் டாக்டர் ஆராய்ச்சி நிலையம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேர்க்கடலை மூட்டைகள் போய் வருஷக்கணக்காகியும் எண்ணெய்ச் சிக்கு வாடை போகவில்லை. உள்ளே ஒரு மூலையைப் பலகை வைத்து மறைத்து, பலகை இடுக்குகளில் தார் பூசி, கதவுக்கு இரட்டைக் கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தார். சித்திரை வெயிலில் உச்சிப் பொழுதிலும் அந்த அறைக்குள் உங்கள் கையை உங்களால் பார்க்க முடியாது. அது 1941. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. இருட்டில் கண் தெரியும் ஆட்கள் ராணுவத்துக்கு வேண்டியிருந்தார்கள். அதனால் இந்தக் கிடங்கையும் யாரோ மேலே இருப்பவர்கள் பொறுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் டாக்டர் ஆராய்ச்சிக்கு வந்தது யுத்தத்துக்காக இல்லை. அவருடைய அப்பா நாற்பது வயதுக்குள் குருடானார். அண்ணன் பெரியசாமியும் அப்படியே. முதலில் மாலையில் தடுக்கும். பிறகு பார்வை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வரும், கரையான் கதவைத் தின்பது போல. கடைசியில் நடுவில் சாவித் துவாரம் அளவுக்கு மிஞ்சும். பிறகு அதுவும் போகும். விழித்திரையே செத்துப்போகிற நோய். மருந்து கிடையாது.

சுப்பராயலுவுக்கு முப்பத்தேழு முடிந்திருந்தது. மதராஸில் படித்து, கண்ணில் கத்தி வைப்பதில் பேர் வாங்கியவர். வெள்ளிக்கிழமைகளில் திண்டிவனத்தில் புரை எடுப்பார். போன மாதம் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது தெருவில் படுத்திருந்த மாட்டின் மேல் தடுக்கி விழுந்தார். கறுப்பு மாடு, மசங்கல் வேளை, யாருக்கும் தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். வெள்ளை மாடு.

அந்த இருட்டறையில் எத்தனையோ பேரை உட்கார வைத்துச் சோதித்தவர், அந்த முக்காலியில் தான் ஒரு தடவையும் உட்காரவில்லை.

*

சோதனை எளிது. ஒரு தகரப் பெட்டி. உள்ளே சிம்னி விளக்கு. முன்பக்கம் புகை பிடித்த கண்ணாடித் துண்டுகள் செருகியிருக்கும். துண்டைக் கூட்டினால் வெளிச்சம் குறையும். அதற்கு முன்னால் ஒரு மூடி. மூடியைத் தட்டினால் 'டக்'கென்று திறக்கும், மிளகளவு வெளிச்சம் தெரியும். வருகிறவர் முதலில் அரை மணி இருட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு மூடி தட்டப்படும். தெரிகிறதா, இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

காணை கிராமத்துச் சேரியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கேப்பைக் கூழும் கருவாட்டுத் துண்டும் தவிர வேறு எதையும் பார்க்காத வயிறுகள். நடவு முடிந்து திரும்பும்போது பொழுது இறங்கிவிட்டால் ஒருத்தி முந்தானையை ஒருத்தி பிடித்துக்கொண்டு வரப்பில் வருவார்கள். இவர்களுக்கு இருந்தது பஞ்ச நோய். சுறா ஈரல் எண்ணெய் கொடுத்தால் போய்விடும்.

அந்த எண்ணெயைக் கோட்டக்குப்பத்தில் காய்ச்சி, டின்னில் அடைத்துக் கொண்டுவருபவர் சிக்கந்தர் பாட்சா. சீமையிலிருந்து வரும் மீனெண்ணெய் யுத்தத்தில் நின்றுபோன பிறகு அவருக்கு யோகம். அவர் வண்டி வருவதற்கு முன்பே வாடை வந்துவிடும்.

"டாக்டர் சாப், இந்த டின்னு முதல் தரம். குடிச்சா நடுக்கடல்ல ஊசி விழுந்தாலும் தெரியும்."

"நீங்க குடிச்சுப் பார்த்தீங்களா?"

"நானா? நான் ஏவாரி சாப். குடிக்கிறவனுக்குத்தான் அது மருந்து." சிரித்தவர் குரலைத் தாழ்த்தினார். "அம்மாவுக்கு அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமைதானே? ஜும்மா தொழுகை முடிஞ்ச கையோட ஜல்தியா கூட்டியாந்துடறேன். ஒரு கண்ணைத்தான் ஊசி வெச்சுப் புரை தள்ளற பரதேசிகிட்டக் குடுத்துக் கெடுத்துக்கினாங்க. இருக்கிறது அந்த ஒண்ணுதான். நீங்கதான் பார்த்துக்கணும்."

அவருடைய அம்மா நஃபீசா பீவியின் அந்த ஒரு கண்ணில் புரை பால் மாதிரி முற்றியிருந்தது. கறுப்பு விழியின் ஓரத்தில் கத்தியை நுழைத்து அடுத்த ஓரத்தில் வெளியே எடுக்க வேண்டும். மயிரிழை பிசகினால் கண் போயிற்று. டாக்டர் எத்தனையோ தடவை செய்த வேலைதான்.

"கூட்டிக்கினு வாங்க," என்றார். அவர் கண்கள் சிக்கந்தர் பாட்சாவைப் பார்க்கவில்லை.

*

எண்ணெய் கொடுக்க ஆரம்பித்ததும் சேரிக்காரர்கள் எல்லாருக்கும் கண் தெரிந்துவிட்டது. கண்ணாடித் துண்டைக் கூட்டினார். தெரிந்தது. இன்னும் கூட்டினார். அப்போதும் "தெரியுதுங்க சாமி." இத்தனை கண்ணாடிக்குப் பின்னால் ஆந்தைக்குக்கூடத் தெரியாது.

டாக்டருக்குச் சந்தேகம் தட்டியது. பெட்டிக்குள்ளே இன்னொரு மூடி வைத்தார். வெளிமூடி 'டக்'கென்று திறக்கும். உள்மூடி அடைத்தபடியே இருக்கும். ஒரு துளி வெளிச்சம் வெளியே வராது. சத்தம் மட்டும். இதற்கு வெற்றுத் தடவை என்று பெயர் வைத்தார்.

டக்.

"தெரியுதுங்க சாமி," என்றான் மாரியப்பன். சேரியில் அவன் பேச்சுக்கு மதிப்புண்டு.

டக்.

"நல்லாத் தெரியுதுங்க."

அவனுக்குப் பின் வந்த அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். டாக்டர் துணியை விலக்கி எல்லாரையும் வெளியே இழுத்து நிறுத்தினார். கத்தினார். விளக்கே இல்லை, என்னத்தைப் பார்த்தீர்கள், இத்தனை நாள் என்னை முட்டாளாக்கினீர்களா என்று கேட்டார்.

மாரியப்பன் தலையைச் சொறிந்தான். "கோச்சுக்காதீங்க சாமி. உள்ள இட்டுக்கினு போறீங்க, இருட்டா கீது, துணி தொங்குது, யாரும் பேசக் கூடாதுன்றீங்க. அப்பால ஒரு சத்தம் வருது, தெரியுதான்றீங்க. தெரியலன்னு எப்பிடிச் சொல்றது? தீபாராதனை காட்டச்சொல்லோ தெரியலன்னு யாராவது சொல்லுவாங்களா?"

"கோயில்ல நிஜமா தீபம் காட்டறாங்கய்யா."

"எங்களுக்கு இன்னா தெரியும் சாமி? நாங்க நிக்கிறது தெருவுல. உள்ள மூணு வாசல் தாண்டிச் சாமி. மணி அடிச்சா கன்னத்துல போட்டுக்குவோம். வூட்டுல வந்து பார்த்தியான்னா, பார்த்தேன்னுதான் சொல்லுவோம். எங்கப்பாவும் அப்பிடித்தான் பார்த்தாரு."

கோயிலுக்குள் எல்லாரும் போகலாம் என்று சட்டம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சட்டம் காணைக்கு இன்னும் வந்து சேரவில்லை. டாக்டர் கோயிலுக்குப் போகாதவர். போக வேண்டாம் என்பதும் அவராக எடுத்த முடிவு.

மறுவாரம் ஒரு தந்திரம் செய்தார். தெரியவில்லை என்று சொல்கிறவருக்கு ஒரு கை வறுத்த மல்லாட்டை. அன்றைக்குச் சேரி முழுவதற்கும் கண் அவிந்தது. விளக்கை நேரே மூஞ்சிக்கு முன் காட்டினாலும், "ஒண்ணுமே தெரியலைங்க," என்று மடியை விரித்தார்கள்.

"போங்க சார்," என்றாள் சவுரியம்மாள், சிரிப்பை அடக்க முடியாமல். "நல்லா இருந்த கண்ணையும் மல்லாட்டை போட்டு மூடிட்டீங்க."

கடைசியில் வெளிச்சம் வந்தபோது 'ஆமாம்' சொன்னாலும், வெற்றுத் தடவையில் 'இல்லை' சொன்னாலும் மல்லாட்டை உண்டு என்று ஏற்பாடாயிற்று. அதன் பிறகு விஷயம் நேராயிற்று. எண்ணெய் நிஜமாகவே வேலை செய்துகொண்டிருந்தது. ஒவ்வொருவராக, உள்ளதை உள்ளபடி சொன்னார்கள்.

ஒருத்தியைத் தவிர.

*

அம்சவள்ளிக்கு முப்பதுக்குள் இருக்கும். நடவு ஆள். வாய் நீளம். அவளுக்கு வெளிச்சத்தைக் காட்டினால் பெரும்பாலும் தெரியவில்லை. வெற்றுத் தடவையில் தெரிந்தது.

"மறுபடியும் பொய் சொல்றியா?" என்றார் டாக்டர். "இப்ப மூடியே திறக்கல."

"நீங்க தொறந்தீங்களா மூடினீங்களான்னு எனக்கு இன்னாத்துக்கு சாமி? தெரியுது, தெரியுதுன்றேன்."

"எங்க தெரியுது?"

"பொட்டிகிட்ட இல்ல. கீழ. இந்தாண்ட." இருட்டில் கையை நீட்டினாள் போலும், வளையல் சத்தம் இடது பக்கம் கேட்டது. "குட்டையில அரிக்கேன் வெளிச்சம் வுழுந்து நெளியுமே, அப்பிடி. ஆனா அரிக்கேனு இல்ல. வெறும் நெளிவு."

"இப்ப?"

"போயிடுச்சு. நீங்க பேசினா போயிடுது."

"உனக்கு இன்னிக்கும் மல்லாட்டை கிடையாது."

"அதை நீங்களே கொறிங்க. மல்லாட்டைக்குப் பொய் சொல்றவ இல்ல நானு."

அவளை வெளியே உட்கார வைத்துக் கண்ணில் சொட்டு மருந்து விட்டார். பாவை விரிந்ததும், நடுவில் ஓட்டை போட்ட சின்ன ஆடியை வைத்து உள்ளே பார்த்தார். ஆரோக்கியமான கண்ணின் அடித்தளம் சிவந்த அந்தி மாதிரி இருக்கும். இவளுடையது சாம்பல் பூத்திருந்தது. ஓரமெல்லாம் கறுப்புப் பொட்டுகள், சிலந்தியைப் பிய்த்துக் காலைக் காலாகத் தூவியது போல.

இதே படத்தை இதற்கு முன் ஒரே ஒரு கண்ணில்தான் பார்த்திருந்தார். அது அண்ணனுடையது.

நெடுநேரம் பார்த்தபடியே இருந்தார். பிறகு சவுரியம்மாளைக் கூப்பிட்டார். இந்த ஒரு மாதமாக ஆடி வைத்துக் கண் பார்க்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஏன் என்று அவள் கேட்டதற்கு, இன்னொரு கண் இருந்தால் நல்லது என்று மட்டும் சொன்னார். அவளும் குனிந்து பார்த்தாள்.

"இன்னா சார் இது, எறும்புப் புத்து மாதிரி?"

டாக்டர் ஆடியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நீ இனிமே வர வேணாம்," என்றார் அம்சவள்ளியிடம். "உன்னால ஆராய்ச்சி கெடுது."

"எண்ணெய்?"

"வேணாம்."

அவள் எழுந்து புடைவையைச் செருகிக்கொண்டாள். "பொய் சொன்னவங்களுக்கெல்லாம் எண்ணெய் ஊத்தினீங்க. எனக்கு மட்டும் தொரத்தறீங்க. நல்ல டாக்டரு." பட்டப்பகலில் வாசல் நிலையில் தோளை இடித்துக்கொண்டு வெளியே போனாள். அந்த நிலை எல்லாருக்கும் போதுமான அகலம்தான்.

*

மறுநாள் உச்சிப் பொழுதில், யாரும் இல்லாதபோது, டாக்டர் மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு இருட்டறைக்குள் போய் முக்காலியில் உட்கார்ந்தார்.

"நான்தான் இன்னிக்கு. வெற்றுத் தடவையும் கலந்து வை. எதுன்னு சொல்லாத," என்றார்.

சவுரியம்மாள் விளக்கை ஏற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு துணியை இழுத்துவிட்டாள்.

அரை மணி இருட்டு. முதலில் பழைய வெளிச்சத்தின் கறைகள் கண்ணுக்குள் மிதந்து அடங்கின. பிறகு இருட்டு மேலே வந்து ஒட்டிக்கொண்டது. தன் மூச்சு தனக்கு வெளியே கேட்டது. ஷண்டிங் எஞ்சின் எங்கோ இடித்து நின்றது. எங்கேயோ ஒரு எலி பலகையைச் சுரண்டியது, நிறுத்தியது.

டக்.

இருந்தது. மெலிதாக. டாக்டருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. "தெரியுது."

டக்.

"தெரியுது."

டக். "தெரியுது." கண்ணில் நீர் வந்துவிட்டது. பயந்ததெல்லாம் வீண். மாடு வெள்ளையாக இருந்தால் என்ன, கவனப் பிசகு. "தெரியுது. சவுரியம்மா, ரெண்டு கண்ணாடி கூட்டு. டக்குனு தட்டு. ம், தெரியுது."

அடுத்த 'டக்' வரவில்லை. அவள் மூச்சு மட்டும் வேகமாகக் கேட்டது.

"என்னாச்சு?"

"சார்," என்றாள். "நான் உள்மூடியத் திறக்கவே இல்ல."

"எந்தத் தடவை?"

"எந்தத் தடவையும். மொதல்ல வெத்துத் தடவை வெச்சேன். தெரியுதுன்னீங்க. சரி, தமாஷ் பண்றாருன்னு மறுபடியும் வெத்தா வெச்சேன். அப்புறம்... அப்புறம் எனக்குத் திறக்கக் கை வரல சார்."

டாக்டர் அசையவில்லை. வெளிச்சம் இன்னும் இருந்தது. அப்போதுதான் கவனித்தார், அது பெட்டி இருந்த திசையில் இல்லை. கீழே. இடது ஓரத்தில். தண்ணீரில் விழுந்தது போல நெளிந்துகொண்டிருந்தது. அவர் தலையைத் திருப்பினார். அதுவும் கூடவே திரும்பியது.

"பழக்க தோஷமா இருக்கும்," என்றார். குரல் அவருக்கே பிடிக்கவில்லை. "மாரியப்பன் சொன்ன மாதிரி."

"நீங்கதான் கோயிலுக்கே போறதில்லையே சார்."

*

அன்று மாலை திண்டிவனம் வீட்டில், அண்ணன் பெரியசாமி கூடத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். தம்பியின் செருப்புச் சத்தம் கேட்டதுமே முகத்தைத் திருப்பினார்.

"கால் இழுத்து வைக்கிறயே. எங்க முட்டிக்கினே?"

"எங்கயும் இல்ல அண்ணே." சுப்பராயலு எதிரே உட்கார்ந்தார். "ஒண்ணு கேக்கணும். கண்ணு போறதுக்கு முன்ன, இருட்டுல எதாவது வெளிச்சம் தெரிஞ்சுதா உனக்கு?"

விசிறி நின்றது. "முன்னயா? இப்பவும் வருதேடா."

"ஏன் சொல்லல?"

"நீ கண்ணு டாக்டர். நீ என் கண்ணைப் பத்திக் கேட்டதே இல்ல. திறந்து பார்த்தே, மூடினே, அந்தப் பக்கம் போய் அழுதே. மூக்கு உறிஞ்சறது எனக்குக் கேக்காதா?"

"எந்தப் பக்கம் வருது?"

"கீழ. இடது பக்கம்." பெரியசாமி விசிறிக் காம்பால் சரியாக அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். "தண்ணி தளும்பற மாதிரி. வந்தா கொஞ்ச நேரம் நிக்கும், போயிடும். ஆனா இன்னிக்கு மத்தியானம் என்னமோ ரொம்ப நேரம் நின்னுது. வழக்கமா அது தனியா வரும். இன்னிக்குப் பக்கத்துல யாரோ உட்கார்ந்துகினு சேர்ந்து பார்க்கிற மாதிரி இருந்துது. யாருப்பான்னுகூடக் கேட்டேன். பதில் இல்ல."

சுப்பராயலு எழுந்து போய்க் கைகால் கழுவினார். சாப்பிடாமல் படுத்தார். நோயுள்ள விழித்திரை சாகும்போது தானாகப் பொறி விடும். நரம்பு வெட்டுப்பட்ட தவளைக்கால் துடிப்பது போல. அது அவருக்குத் தெரியும், அதில் ஆச்சரியம் இல்லை. மூன்று பேருக்கு ஒரே மூலையில் வரலாம். ஒரே நோய் ஒரே இடத்தில் தின்னும். அதையும் ஏற்கலாம். தான் இருட்டறையில் உட்கார்ந்த அதே மத்தியானம் என்றதுதான் எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை.

நஃபீசா பீவியின் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.

*

வியாழக்கிழமை காலையில் வண்டி பிடித்து டாக்டரே சேரிக்குப் போனார். அம்சவள்ளி வயலில் இருந்தாள். வரப்பில் நின்று கூப்பிட்ட டாக்டரைப் பார்த்து மற்றப் பெண்கள் நாற்று முடியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்கள்.

"தவளைக்கு வந்தீங்களா, எனக்கு வந்தீங்களா?" என்றாள் அவள்.

"உனக்குத்தாம்மா. ஒரே ஒரு தடவை வா."

"பொய் சொல்றவ எதுக்கு?"

"வா," என்றார். இந்தத் தடவை சொன்ன விதத்தில் அவள் சேற்றைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

கிடங்கில் டாக்டர் தகரப் பெட்டியையே வெளியே எடுத்து வைத்துவிட்டார். விளக்கு, மூடி, சத்தம் எதுவும் வேண்டாம். அறைக்கு நடுவில் ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிட்டார். இந்தப் பக்கம் ஒரு முக்காலி, அந்தப் பக்கம் ஒரு முக்காலி. இரண்டு சணல் கயிறுகள். ஒன்றின் நுனி அவர் விரலில், மற்றதின் நுனி அம்சவள்ளியின் விரலில். மறுமுனைகள் சவுரியம்மாளின் இரண்டு கைகளில். வெளிச்சம் தெரிகிறபோது இழுக்க வேண்டும், போனதும் விட வேண்டும். பேசக் கூடாது, தொண்டையைச் செருமக்கூடக் கூடாது.

"இது என்னத்துக்கு சார்?" என்றாள் சவுரியம்மாள் காதோடு.

"ரெண்டு பேரும் வேற வேற நேரத்துல இழுத்தா நான் நாளைக்குக் கத்தி எடுப்பேன்," என்றார். "என் நரம்பு ஆடுது, அவ்வளவுதான்னு இருந்துடுவேன். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு அர்த்தம்."

அது விஞ்ஞானம் இல்லை, பேரம். அவருக்கே தெரியும்.

துணி விழுந்தது. மூன்று பேரும் இருட்டில் உட்கார்ந்தார்கள். வெளியே வெயில் கூரை ஓடுகளைச் சுட்டது, உள்ளே சிக்கு வாடை கனத்தது. நெடுநேரம் ஒன்றும் இல்லை. டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. மனசுக்குள் நன்றி சொல்ல ஆரம்பித்தார், யாருக்கு என்று தெரியாமல்.

அப்புறம் அது வந்தது. கீழிருந்து, இடதிலிருந்து. அவர் கயிற்றை இழுத்தார்.

போயிற்று. விட்டார். திரும்ப வந்தது. இழுத்தார். இந்தத் தடவை நின்றது. கயிறு அவர் விரலை அறுத்தது, அது போகும்வரை அவர் விடவில்லை. விட்டார். சட்டென்று இழுத்தார். விட்டார். அது விளையாடுவது போல இருந்தது. வேண்டுமென்றே வந்து வந்து போயிற்று.

பின்னாலிருந்து சவுரியம்மாள், "சேசுவே," என்றாள். பேசக் கூடாது என்பதை மறந்து. "சேசுவே, சேசுவே, போதும் சார், போதும்."

அவளே துணியைக் கிழிக்காத குறையாக விலக்கினாள். வெயில் உள்ளே பாய்ந்தது. அவள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி நின்றாள். இரண்டு ஆள்காட்டி விரல்களிலும் கயிறு பதிந்த சிவப்புத் தடம்.

"ஒண்ணா வருது சார். ஒண்ணா விடுது. ஒரு ஆளே ரெண்டு கயித்தையும் புடிச்சிக்கினு இழுக்கிற மாதிரி. முந்தி பிந்தின்னு ஒரு வாட்டிகூட இல்ல."

"தற்செயல்," என்றார் டாக்டர்.

"எனக்குக் கையில உசுரு இருக்கு சார். தற்செயல் எனக்குத் தெரியாதா?"

போர்வைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்சவள்ளி எட்டிப் பார்த்தாள். "இன்னா, உங்களுக்கும் வருதா?" என்றாள். அவள் குரலில் பயம் இல்லை. ஊருக்குப் போன இடத்தில் சொந்த ஊர் ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது.

டாக்டர் மேசைக்குப் போனார். சொட்டு மருந்துக் குப்பியைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, தன் கண்களில் தானே விட்டுக்கொண்டார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. பாவை விரியும்வரை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பிறகு ஆடியை எடுத்துச் சவுரியம்மாள் கையில் கொடுத்தார்.

"பாரு."

"சார், எனக்கு என்ன தெரியும்? மதராஸ்ல பெரிய டாக்டருங்க..."

"அங்க போனா அன்னிக்கே என் கத்தி போச்சு. நீ பாரு. இவ கண்ணுல பார்த்ததை ஞாபகம் வெச்சிக்கினு பாரு."

அவள் கிட்டே வந்தாள். மூச்சில் வெற்றிலை வாசனை. வலது கண். இடது கண். மறுபடி வலது. ஆடியிலிருந்து வெளிச்சம் அவர் மூளைக்குள் போய்ப் போய்த் திரும்பியது. அவள் ஆடியை மேசை மேல் வைத்தாள். வைத்த சத்தமே பதிலாக இருந்தது.

"அதேதான் சார்," என்றாள். "இவளுக்கு நிறைய. உங்களுக்கு இப்பத்தான் ஓரத்துல ஏறுது. ஆனா அதேதான்."

சுப்பராயலு தலையை ஆட்டினார். அழுகை வரும் என்று நினைத்திருந்தார், வரவில்லை. விரிந்த பாவைக்குள் வெயில் அடைத்துக்கொண்டு நின்றது. எல்லாம் வெள்ளையாகக் கரைந்திருந்தது. அலமாரியைத் தடவிக் கத்திப் பெட்டியை எடுத்தார். மெல்லிய தேக்குப் பெட்டி, உள்ளே நீல வெல்வெட்டு. திறக்காமலே அவளிடம் நீட்டினார்.

"இதை உன் வீட்டுல வை. நான் கேட்டாலும் குடுக்காத. சாயங்காலம் கோட்டக்குப்பத்துக்கு ஆள் அனுப்பு. நாளைக்கு வேணாம், அம்மாவை மதராஸுக்குக் கூட்டிக்கினு போகச் சொல்லு. காரணம் கேட்டா உண்மையைச் சொல்லிடு."

"சொன்னா ஊர் பூரா தெரிஞ்சுடும் சார்."

"தெரியட்டும். அந்தம்மாவுக்கு இருக்கிறது ஒண்ணு."

சவுரியம்மாள் பெட்டியை மார்போடு பிடித்துக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் திரும்ப வாங்கியிருப்பார்.

அம்சவள்ளி வாசலை நோக்கி நகர்ந்தாள். "அப்ப எனக்கு எண்ணெய் கிடையாதா?"

"உனக்கு எண்ணெய் பலிக்காதும்மா. எனக்கும் பலிக்காது. எதுவும் பலிக்காது. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"அவியப் போவுதா?"

"ஆமா."

அவள் நகக்கண்ணில் இன்னும் சேறு ஒட்டியிருந்த தன் கையைப் பார்த்தாள். "அதுக்கா வயலாண்ட வந்து கூப்பிட்டீங்க?"

"நீ பொய் சொல்லலைன்னு தெரிஞ்சிக்க."

"அது எனக்கு மொதல்லியே தெரியும் சாமி," என்றாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. முகத்தை மெல்ல இடது பக்கம் கீழே திருப்பினாள், காலடியில் ஏதோ ஊர்வதைக் கண்டவள் போல. நல்ல வெயில். கிடங்குக் கதவு இரண்டும் திறந்திருந்தது.

"பகல்ல வந்ததில்ல இது," என்றாள்.

சவுரியம்மாள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டரின் முகமும் அதே பக்கம், அதே சாய்வில் திரும்பியிருந்தது.

"நகருது," என்றார் அவர்.

"ஆமா. ஓரத்தை வுட்டு வருது."

"நடுவுக்கு."

"ஆமா, நடுவுக்கு."

இரண்டு பேரும் ஒரே வேகத்தில் தலையை நிமிர்த்தினார்கள், தரையிலிருந்து எழுந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பார்ப்பது போல. ஓர் இடத்தில் நிறுத்தினார்கள். அது சவுரியம்மாள் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. அவள் பெட்டியை இறுக்கிக்கொண்டு விலகினாள். அங்கே ஒன்றும் இல்லை. அவளுக்கு நல்ல கண்.

டாக்டர் கையை முன்னால் நீட்டி இருட்டறைக்குள் போய் முக்காலியைத் தேடினார். கிடைத்ததும் உட்கார்ந்தார். கீழே கிடந்த கயிற்றைத் துழாவி எடுத்து விரலில் சுற்றிக்கொண்டார். அவருக்கு இனி வெள்ளிக்கிழமை இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

"சவுரியம்மா," என்றார், "கதவைச் சாத்து. இன்னொரு தடவை பார்த்துடுவோம்."

அவள் தன் பக்கத்துக் கயிற்று முனைகளைக் குனிந்து எடுக்கவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. வெயிலில் போய் நின்றுகொண்டாள். உள்ளே அம்சவள்ளி தானாகவே போர்வைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து தன் கயிற்றை விரலில் மாட்டிக்கொண்டாள். மறுமுனைகள் யாரும் பிடிக்காமல் தரையில் கிடக்க, இரண்டு கயிறுகளும் ஒரே நேரத்தில் விறைத்தன.